இணையத்தில் ஒரு கடை

பண்டைத் தமிழகத்தில் வாணிகம் சிறந்து விளங்கியது. மதுரை மாநகரின் தெருக்களில் பலவகைக் கொடிகள் பறந்தன என்று மதுரைக்காஞ்சி கூறுகின்றது. பகலில் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், மாலைக்குப் பின் கூடிய கடைத்தெருவை அல்லங்காடி என்றும் வழங்கினர். கடைமேல் கொடி ஏற்றியது எதற்காக? தொலைவில் வருவோர் கண்ணில் படுதற்காக. இன்ன பண்டம் இங்கே கிடைக்கும் என்று வாய் திறவாமலே அறிவித்தற்காக. கொடியைக் கண்டு வந்தவர் பண்டத்தைப் பார்த்தனர். பண்டத்தைக் கையில் எடுத்தவர் வணிகரின் முகத்தையும் பார்த்தனர்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை கூறுவது இன்னும் சிறப்புடையது. அவர்கள் பிறர் பொருளையும் தம் பொருள்போலவே மதித்தனர். தாம் கொள்ளும்பொழுது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்பொழுது குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தனர். கொடி மக்களை ஒருமுறை அழைத்து வந்தது. நேர்மையே அவர்களை மறுமுறை அழைத்து வந்தது.

இன்று கடைக்கொடி புதிய வடிவம் பெற்றுள்ளது. அதனை வலைத்தளம் என்கிறோம். பழைய கொடி ஒரு தெருவிற்குத் தெரிந்தது. இக்கொடி கடல் கடந்த நாடுகளுக்கும் தெரிகின்றது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது இஃது என்று எண்ணுதல் தவறு. திண்ணையில் அமர்ந்து தொழில் செய்யும் ஒரு சிறு குடும்பமும் இதனை நிறுவிக்கொள்ளலாம். அது யாங்ஙனம் என்பதையும், நிறுவியபின் எவ்வாறு காத்தல் வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

வலைத்தளம் என்பது யாது?

ஜெனீவா நகரின் அருகே செர்ன் என்னும் பெயருடைய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், பல இடங்களிலுள்ள கணிப்பொறிகளில் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டத்தை 1989ஆம் ஆண்டில் வகுத்தார். 1991ஆம் ஆண்டில் முதல் வலைத்தளம் உலகோர் பார்வைக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இம்முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிலையம் அறிவித்தது. சுங்கம் இல்லாத பெருவழி ஒன்று அன்று எல்லாருக்கும் திறக்கப்பட்டது என்று சொல்லலாம். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் முதல் இந்தியப் பொதுமக்களுக்கும் இணைய வசதி கிடைத்தது.

வலைத்தளம் என்பது பல பக்கங்களைக் கொண்ட ஒரு சிறு ஏடு போன்றது. அவ்வேடு, இரவும் பகலும் அணையாது இயங்கும் ஒரு கணிப்பொறியில் வைக்கப்பட்டிருக்கும். அக்கணிப்பொறியைச் சர்வர் என்பர். உலகின் எம்மூலையில் இருப்பவரும் உரிய முகவரியைத் தம் கைப்பேசியில் எழுதினால், அப்பக்கம் அந்நொடியே அவர் முன் விரியும். கடைக்காரர் உறங்கும்பொழுதும் அவருடைய கடை விழித்திருக்கும்.

ஆயினும், இக்கடைக்கு ஒரு குறை உண்டு. ஊர்க்கடைக்குச் செல்வோர் துணியைக் கசக்கிப் பார்ப்பர். அரிசியை வாயிலிட்டு மென்று பார்ப்பர். குடத்தைத் தட்டி ஓசை கேட்பர். வலைத்தளக் கடைக்கு வருவோர் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது. அவர் காண்பன படமும் சொல்லுமே. கையால் அறிய வேண்டியதைச் சொல்லால் அறிகின்றார். ஆதலின், இக்கடையில் சொல் பிழைத்தால் பண்டமே பிழைத்ததாகும். இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

பத்தமடையில் ஒரு திண்ணை

திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணி வளஞ்செய்யும் பகுதியில், பத்தமடை என்னும் ஊர் உள்ளது. கோரைப்பாய்க்குப் புகழ் பெற்ற ஊர் அது. கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, நயமான பாய்க்கு மெல்லிய இழைகளாகப் பிளந்து, சாயம் ஏற்றி, நூற்பாவில் கோத்து நெய்வர். நுண்மையான பாயைப் பட்டுப்பாய் என்று போற்றுவர். மணமக்களின் பெயர்களையே பாயில் நெய்து தருவதும் உண்டு. இவ்வூர்ப் பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

அவ்வூரில் பாய் நெய்யும் ஒரு தாயையும் அவர் மகளையும் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தாய் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். மகள் கல்லூரியில் வணிகவியல் பயின்றவள். தாய் நெய்யும் பாயை ஒரு தரகர் வந்து வாங்கிச் செல்வார். அவரிடமிருந்து நகரத்துக் கடைக்காரர் வாங்குவார். கடைக்குச் சென்றபின் பாயின் விலை உயரும். நெய்தவரின் பெயரோ மறையும்.

ஒருநாள் மகள், “உம்மா, நீங்கள் நெய்த பாய் எந்த வீட்டில் விரிந்து கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதில் படுத்து உறங்குகிறவர்களுக்கும் உங்களைத் தெரியாது. நாமே ஒரு வலைத்தளம் அமைத்தால் என்ன?” என்று கேட்டாள்.

தாய் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். பின்பு, “நாம் விற்பது பாய், மகளே. விரலால் தடவிப் பார்த்துத்தானே வாங்குவார்கள்? தொட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்?” என்றார். எளிய கேள்விதான், எனினும், வலைத்தளம் அமைப்போர் யாவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே.

முதற்பணி

மகள் உடனே கணிப்பொறியின் முன் அமர்ந்துவிடவில்லை. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சில நாள் திண்ணையில் அமர்ந்தாள். பாய் வாங்க வந்தவர்கள் கேட்டவற்றையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். “நீள அகலம் எவ்வளவு? சாயம் போகுமா? ஈரத்துணியால் துடைக்கலாமா? மடிக்கலாமா, சுருட்டித்தான் வைக்க வேண்டுமா? பெயர் போட்டுத் தர எத்தனை நாள் ஆகும்? விலையில் குறைப்பீர்களா?” இவை போன்ற கேள்விகளே மீண்டும் மீண்டும் வந்தன. தாய் கூறிய விடைகளையும் அவள் பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள்.

அக்குறிப்பேடே வலைத்தளத்தின் அடித்தளம் ஆயிற்று. எதனை விற்கிறோம், யாருக்கு விற்கிறோம், அவர்கள் எதனை அறிய விரும்புவர் என்னும் மூன்றையும் தெளிந்தபின் தொடங்கும் பணி பாதி முடிந்த பணியாகும். இவற்றை ஆராயாமல் அழகிய வண்ணங்களையும் அசையும் படங்களையும் தேடி ஓடுவது, பண்டம் இல்லாத கடைக்குத் தோரணம் கட்டுவதை ஒக்கும்.

பெயரும் உரிமையும்

கடைக்குப் பெயர் வேண்டும் அன்றோ? இணையத்திலுள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் ஆன முகவரி கொண்டு அறிகின்றன. நீண்ட எண்களை மக்கள் நினைவில் வைத்தல் அரிது. ஆதலின், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் முறையொன்றைப் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டில் வகுத்தார். அம்முறையில் அமைந்த பெயரை டொமைன் என்பர்; நாம் தளப்பெயர் எனலாம். இந்தியாவிற்குரிய ‘டாட் இன்’ என்னும் முடிவுடைய பெயர்கள் நிக்சி என்னும் நிறுவனத்தின் மேற்பார்வையில் உள்ளன. தமிழ் எழுத்திலேயே ‘இந்தியா’ என முடியும் பெயர்களும் உண்டு.

தளப்பெயரை விலைக்கு வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ள இயலாது. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்துகொண்டு, காலம் முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும். மறந்தால் அப்பெயர் பிறர் கைக்குச் சென்றுவிடலாம். பெயர் சுருக்கமாக இருத்தல் வேண்டும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையின்றி எழுதுமாறு இருத்தல் வேண்டும். பிறர் கடையின் பெயரையோ அதனோடு மயங்கும் பெயரையோ கொள்ளுதல் கூடாது.

வலைத்தளம் அமைத்துத் தர முன்வந்த ஓர் இளைஞர், “பெயரை என் கணக்கிலேயே பதிவு செய்துவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால், கணிப்பொறியே அறியாத தாய், “வீடு கட்டிய கொத்தனாருக்குக் கூலி கொடுப்போம், பத்திரத்தை அவர் பேரில் எழுதுவோமா?” என்று கேட்டார். இளைஞர் நகைத்தார், அவர் கூற்றின் உண்மையையும் உணர்ந்தார். தளப்பெயர் தாயின் பெயரிலேயே பதிவாயிற்று. புதுப்பிக்க வேண்டிய நாளை மகள் சுவரிலிருந்த நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டாள். கடவுச்சொல்லை இருவர் மட்டுமே அறிந்தனர்.

பிறர் பெயரில் பதிவு செய்து, பின்னர் அவரோடு மனவேறுபாடு தோன்றியதாலோ, அவர் ஊர் விட்டுச் சென்றதாலோ, தம் கடையின் வாயிலைத் தாமே திறக்க இயலாது வருந்துவோர் உளர். பெயரும் திறவுகோலும் உரியவரிடமே இருத்தல் வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

இடமும் அமைப்பும்

பெயருக்குப் பின் இடம் வேண்டும். சர்வரில் நம் பக்கங்களை வைப்பதற்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்துதல் வேண்டும். இதனை ஹோஸ்டிங் என்பர். பக்கங்களை அமைக்க இரு வழிகள் உள்ளன. ஆயத்தமாகக் கிடைக்கும் அமைப்பை வாடகைக்குப் பெறுதல் ஒன்று. வேர்டுபிரஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நாமே அமைத்தல் மற்றொன்று. முன்னது எளிது, ஆனால், பின்னாளில் வேறிடம் மாறுவது கடினமாகலாம். வேர்டுபிரஸ் 2003ஆம் ஆண்டில் தோன்றியது. மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால், அதனை அவ்வப்பொழுது புதுப்பித்துக் காக்கும் பொறுப்பு நம்முடையது. நேரமும் திறமும் நோக்கி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

கடைக்குப் பூட்டும் வேண்டும். வாங்குவோர் எழுதும் பெயரும் முகவரியும் வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறைமொழியாக மாறிச் செல்லுதல் வேண்டும். அதற்குரிய பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டணமின்றியும் பெறலாம். சான்றிதழ் இல்லாத தளத்தைப் பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கும். எச்சரிக்கையைக் கண்டவர் உள்ளே நுழையத் தயங்குவர்.

வருவோருள் மிகப் பலர் கைப்பேசி வழியே வருவர் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். பெரிய திரையில் அழகாகத் தோன்றும் பக்கம் சிறு திரையில் சிதைந்து தோன்றலாம். படங்களின் அளவு பெரிதானால், பக்கம் விரியக் காலம் ஆகும். காத்திருப்போர் பொறுமை இழப்பர். ஆதலின், மகள் படங்களை அளவிற் சுருக்கினாள். தன் வீட்டிலிருந்த பழைய கைப்பேசியிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தாள். எழுத்துகள் பெரியவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று தன் தாயிடம் காட்டிக் கேட்டாள்.

சொல்லே பண்டம்

பக்கங்கள் ஐந்து போதும் என்று மகள் முடிவு செய்தாள். வாயிற்பக்கம் ஒன்று, பாய்களின் பக்கம் ஒன்று, நெய்வோரையும் நெய்யும் முறையையும் கூறும் பக்கம் ஒன்று, விலை, அனுப்பும் முறை, திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றைக் கூறும் பக்கம் ஒன்று, தொடர்பு கொள்ளும் பக்கம் ஒன்று.

முதலில் அவள், “உலகிலேயே சிறந்த பாய்! ஒப்பற்ற பாய்!” என்று எழுதினாள். தாய் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “உலகத்துப் பாயெல்லாம் நீ பார்த்தாயா?” என்று வினவினார். மகள் அவ்வரியை நீக்கினாள். அதற்கு மாறாக, பாயின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பாவுநூல் பருத்தி, ஒரு சாணில் இத்தனை பாவு, எடை இவ்வளவு, நெய்ய இத்தனை நாள், அஞ்சற்கட்டணம் உட்பட விலை இவ்வளவு என்று எழுதினாள். புகழ்ச்சி பத்து வரியில் செய்யாததை அளவு ஒரு வரியில் செய்தது. தொட்டுப் பார்க்க இயலாதவர்க்கு அளவுகளே விரல்கள் அல்லவா?

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். ஒருங்குறி என்னும் யூனிக்கோடு முறையில் 1991ஆம் ஆண்டு முதல் தமிழுக்கு இடம் உண்டு. ஆதலின், தமிழ் எழுத்துகளைப் படமாக ஆக்கி ஒட்ட வேண்டிய தேவை இல்லை. எழுத்தை எழுத்தாகவே வைத்தால், தேடுபொறிகள் அதனை எளிதில் அறியும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பானும் அதனைப் படித்துச் சொல்லும். ஒவ்வொரு படத்தின் பின்னும் அது காட்டுவது இன்னதென்று ஒரு வரி எழுதி வைத்தலும் நன்று. கண்ணில்லாதவரும் நம் கடைக்கு வரலாம் அன்றோ?

படம் சொன்ன பொய்

வலைத்தளம் திறந்த இரண்டாம் திங்களில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் சிவப்புக்கரைப் பாய் ஒன்றை வாங்கினார். பாய் சென்று சேர்ந்த மறுநாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. “பாய் நன்றாக உள்ளது. ஆனால், படத்தில் கண்ட சிவப்பு இதில் இல்லை” என்று அதில் எழுதியிருந்தார்.

மகள் முகம் வாடினாள். படம் எடுத்தபின் அதன் நிறத்தைக் கைப்பேசியில் சற்று மிகுதியாக்கியவள் அவளே. “எல்லாரும் செய்வதுதானே, உம்மா! சிறிது ஒளி கூட்டினேன், அவ்வளவுதான்” என்றாள்.

தாய் தறியைவிட்டு எழுந்து வந்து, படத்தையும் தறியிலிருந்த பாயையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “நாற்பது வருடமாக நான் பொய் நெய்ததில்லை. இந்தப் படம் நெய்துவிட்டதே!” என்றார். அவர் குரலில் சினம் இல்லை, வருத்தமே இருந்தது. மகள் அன்றே அவருக்கு மறுமொழி எழுதினாள். தவறு தங்களுடையது என்று ஒப்புக்கொண்டாள். பாயைத் திருப்பிப் பெற்று, விலையோடு இருவழி அஞ்சற்செலவையும் கொடுத்தாள். அத்திங்களின் ஊதியம் அதிலேயே கரைந்தது.

மறுநாள் காலை, இளவெயில் படும் முற்றத்தில் பாய்களை விரித்து, எல்லாவற்றையும் மீண்டும் படம் எடுத்தாள். ஒவ்வொரு பாயின்மீதும் தாயின் கையை வைக்கச் சொன்னாள். பாவின் நெருக்கமும் இழையின் நுண்மையும் அக்கையின் அளவோடு ஒப்பிட்டு அறியுமாறு படங்கள் அமைந்தன. ‘திரைக்குத் திரை நிறம் சிறிது மாறித் தோன்றலாம், ஐயம் இருப்பின் கேளுங்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்தாள். சில திங்கள் கழித்துக் கோயம்புத்தூர்க்காரரே மீண்டும் எழுதினார். தம் மகளின் திருமணத்திற்குப் பெயர் நெய்த பாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பணமும் சட்டமும்

வாங்குவோர் பணம் செலுத்தும் வழி எளிதாகவும் காப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை சிறு வணிகர்க்குப் பெரிதும் பயன்படுகின்றது. வங்கி அட்டை வழியே பணம் பெறுவதாயின், அதற்கென அமைந்த பணப்பரிமாற்ற நிறுவனத்தின் துணையைக் கொள்ளுதல் வேண்டும். பிறர் அட்டை எண்களை நாமே எழுதி வைத்தல் கூடாது. பணத்தைப் பெறுவதற்கு நம் இரகசிய எண்ணை எழுத வேண்டிய தேவை ஒருபொழுதும் இல்லை. “பணம் அனுப்புகிறேன், உங்கள் இரகசிய எண்ணை எழுதுங்கள்” என்பவர் ஏமாற்றுபவர் என்று அறிக.

இணைய வாணிகத்திற்குச் சட்டமும் வரையறை செய்துள்ளது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, விற்போரின் பெயர், முகவரி, தொடர்பு கொள்ளும் வழி ஆகியவை தளத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். முறையீடு வந்தால், அது கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்வு காணுதல் வேண்டும். வரி பற்றிய கடமைகளை நல்ல கணக்கர் ஒருவரிடம் முன்னரே கேட்டறிதல் நலம். வாங்குவோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். அவற்றைப் பிறர்க்குக் கொடுத்தல் முறையன்று.

காத்தல்

தளத்தைத் திறந்தவுடன் கூட்டம் வந்துவிடாது. ஆளில்லாத தெருவில் கடை திறந்தாற்போலச் சில காலம் இருக்கும். அதனால் சோர்தல் கூடாது. மக்கள் எச்சொற்களால் தேடுவரோ அச்சொற்கள் பக்கத்தில் இயல்பாக அமைதல் வேண்டும். பத்தமடைப் பாய், கோரைப்பாய், திருமணப் பாய் என்னும் சொற்களை மகள் உரிய இடங்களில் எழுதினாள். இணைய வரைபடத்தில் தங்கள் இருப்பிடத்தைக் குறித்தாள். ஒவ்வொரு பாயோடும் வலைத்தள முகவரி அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை வைத்து அனுப்பினாள். சமூக ஊடகங்களிலும் படங்களை இட்டாள். ஆயினும், அவை பிறருடைய திண்ணைகள். அத்திண்ணைக்கு உரியவர் ஒருநாள் கதவைச் சாத்தலாம். நம் வலைத்தளமே நம் சொந்த வீடு. திண்ணையில் கண்டவரை வீட்டிற்கு அழைத்து வருதலே அறிவுடைமை.

வாயிலை நாள்தோறும் பெருக்கிக் கோலமிடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. வலைத்தளமும் அத்தகைய கவனிப்பை வேண்டுவது. விற்றுப்போன பாயை அன்றே பட்டியலிலிருந்து நீக்குதல் வேண்டும். மாறிய விலையை உடனே திருத்துதல் வேண்டும். பக்கங்களின் படி ஒன்றை வேறிடத்தில் சேமித்து வைத்தல் வேண்டும். மழைக்காலம் வந்தபொழுது மகள், ‘கோரை உலரக் காலம் ஆகும், இத்திங்கள் பாய் வந்து சேரச் சில நாள் மிகும்’ என்று வாயிற்பக்கத்தில் எழுதினாள். காத்திருக்க வேண்டும் என்று முன்பே அறிந்தவர் காத்திருந்தனர்.

தறியின் அளவும் ஆசையின் அளவும்

ஆண்டு ஒன்று சென்றது. திருமணக் காலத்தில் ஒரே வாரத்தில் பன்னிரண்டு பாய்கள் கேட்டுக் கடிதங்கள் வந்தன. தறியோ ஒன்று, நெய்யும் கைகளோ இரண்டு. மகளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. “பொறியில் நெய்த பாய் விரைவில் கிடைக்கும், உம்மா. அதனை வாங்கி அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது? படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்” என்றாள்.

தாய் கோரையை எண்ணிக் கோத்துக்கொண்டே, “பாயை விரிப்பவர்க்குத் தெரியாமல் போகலாம். எனக்கும் உனக்கும் தெரியுமே! கையால் நெய்தது என்று எழுதியது நீ அல்லவா? ஒன்று, அந்த வரியை அழித்துவிடு, இல்லையேல், நாள் ஆகும் என்று எழுது” என்றார்.

மகள் அந்த வரியை அழிக்கவில்லை. பன்னிருவருக்கும் உண்மை நிலையை எழுதினாள். ஐவர் காத்திருக்க இயலாது என்று விலகினர். எழுவர் காத்திருந்தனர். எழுவருள் இருவருக்குரிய பாயை அண்டை வீட்டுப் பெண் தன் தறியில் கையால் நெய்து கொடுத்தாள். அப்பாய்களின் சீட்டில் அவள் பெயரையே மகள் எழுதினாள். வலைத்தளத்தில் ‘நெய்வோர்’ என்னும் பக்கத்தில் இப்பொழுது இரண்டு பெயர்கள் இருந்தன. அதுவரை எந்தக் கடையிலும் எழுதப்படாத பெயர்கள் அவை.

முடிவு

‘தொட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்?’ என்று தாய் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நம்புபவர் வாங்குவார், நம்பத் தகுந்த சொல்லைக் கண்டவர் நம்புவார். வலைத்தளம் அமைக்கும் கலையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். பெயரைப் பதிவு செய்தல், இடத்தைப் பெறுதல், பக்கங்களை எழுதுதல், படங்களை இடுதல் ஆகிய யாவும் முயன்றால் கைவருவனவே. எழுதிய சொல்லைக் காக்கும் திறம் மட்டும் எந்த மென்பொருளிலும் கிடைப்பதன்று. அதனைக் கடைக்கு உரியவரே கொண்டு வருதல் வேண்டும்.

மதுரைக் கடைத்தெருவில் பறந்த கொடிகள் மறைந்தன; காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பர். மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்த அவ்வணிகரின் புகழ் மட்டும் இன்றும் நிலைத்துள்ளது. புதிய கொடியைக் கையில் ஏந்தும் இளைஞர்கள் அப்பழைய புகழுக்கும் உரியவர் ஆதல் வேண்டும்.